எத்தனை பேர் இருப்பீங்க

அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ராசிபுரத்தில் டாக்டர் சொன்ன பிறகுதான் நான் வாடகை வீடு தேடத் தொடங்கினேன். மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து ரோட்டுக்கு வரவே நடக்க வேண்டும். திரும்பும்போது முள்ளுக்குறிச்சி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். வீடு வந்தால் மறுநாள் வரை எழுந்திருக்க மாட்டாள்.

நான் ராசிபுரத்தில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் கீழ்நாட்டுக் காரியம் எல்லாம் என் பொறுப்பு. அதுவரை மூன்று பையன்களோடு ஓர் அறையில் இருந்தேன். அங்கே அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது.

டவுனுக்கு வெளியே புதிதாக மனை பிரித்த பகுதிகளில் வாடகை குறைவு என்றார்கள். வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். வாடகை குறைவாக இருந்தால் தண்ணீர் உப்பாக இருக்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் வீடு மாடியில் இருக்கும். அம்மாவால் படி ஏற முடியாது. தனி மீட்டர் உண்டா, ஆட்டோ வாசல் வரை வருமா, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கேட்கப் பழகினேன். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லவும் பழகினேன். கொஞ்ச நாளில் எந்த வீடும் மனதில் நிற்கவில்லை. புது பெயிண்ட் வாசனைதான் நின்றது.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. கீழ்வீடு, நல்ல தண்ணீர், என் சம்பளத்துக்குள் வாடகை. வீட்டுக்கார அம்மா மாடியில் இருந்தார். பெரியவர்களை அழைத்து வரச் சொன்னார். அப்பாவை அழைத்துப் போனேன்.

"மலைங்களா? அப்ப இனி தேனுக்கும் மொளகுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்ல" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

"எத்தன பேருங்க இருப்பீங்க?"

"மூணு பேருங்க" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாத சாமி" என்று அப்பா என்னைத் திருத்தினார். "குடியிருக்கறது மூணு பேருதானுங்க. ஆனா எங்க பக்கம் யாருக்கு நோவுன்னாலும் இங்கதான எறங்கி வரோணும்? பிரசவம், பூச்சிக்கடின்னு வருவாங்க. நம்மூடு இருக்கறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல படுக்க உடறது நல்லாருக்குங்களா?"

"வந்தா எத்தன பேரு வருவாங்க?"

"வண்டி கொள்ற அளவுக்குத்தானுங்க."

அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மோட்டார் சுவிட்சைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா சந்தோஷமாக இருந்தார். "நல்ல ஊடு கண்ணு. கூடத்துல மட்டும் பத்து பேரு படுக்கலாம்."

மறுநாள் போன் வந்தது. சொந்தக்காரர்கள் குடிவருகிறார்களாம். அப்பா அதை அப்படியே நம்பினார்.

அடுத்த வீட்டை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை. "ரெண்டு பேருக்கு மேல கூடாது. ராத்திரி யாரும் தங்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். "சரிங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

குடிவந்த அன்று அப்பா மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்தார். பால் காய்ச்சி முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"யாருமே தங்கக் கூடாதா?"

"ஆமாப்பா."

"நானுமா?"

நான் தலையாட்டினேன். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கடைசி பஸ்ஸு எப்ப?" என்று கேட்டார்.

"சாப்புட்டுட்டாச்சும் போங்க" என்றாள் அம்மா. சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் சீக்கிரமே வீடு வந்துவிட்டோம். அம்மா வாந்தி எடுக்கவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டாள். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அது போதும் சாமி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நம்மூரு மேலூட்டுப் பையனுக்குக் காச்ச உடவே இல்ல. நாளைக்குக் கீழ கூட்டியாராங்க. உங்கூடு எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

"அலோ... அலோ" என்றார் அப்பா. டவர் போய்விட்டது என்று நினைத்து அவரே வைத்துவிட்டார்.