பச்சை விளக்கு சொன்ன பொய்

என் அக்கா ரைலியின் தாடையை எஸ்கோ உடைத்தது ஜனவரியில், நல்ல பகலில், அவள் வேலை பார்த்த அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில். அவர்களுக்கு விவாகரத்தாகி ஒரு வருடம் முடிந்திருந்தது. கார் எஞ்சின் குளிரில் உறையாமலிருக்க மாட்டியிருந்த மின்கம்பியைக் கழற்ற அவள் குனிந்தாள். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து அவன் வந்து கம்பியைப் பிடுங்கினான். ஔலு நகரத்துக் குளிரில் அந்த ரப்பர் கம்பி தடிபோல விறைத்துப்போகும். பிளக் இருந்த முனையால் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான்.

அவள் கோட்டுக்கு மேல் தொங்கிய பொத்தானை அழுத்தினாள். அதில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் யாருடைய போனும் அடிக்கவில்லை.

"யாரக் கூப்பிடுற? கூப்பிடு, இன்னும் நல்லாக் கூப்பிடு" என்று சிரித்துக்கொண்டே விலாவில் உதைத்தான். தபால் வண்டி ஒன்று உள்ளே திரும்பியதால் ஓடினான்.

அந்தப் பொத்தான் அவளே வடிவமைத்தது. அடிக்கும் ஆண்களிடமிருந்து தப்பி வந்த பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள, நான்கு பேர் மட்டுமே இருந்த அவள் அலுவலகம் செய்துகொண்டிருந்தது. அழுத்தினால் போலீசுக்கும் நெருங்கிய ஒருவருக்கும் செய்தி போகும். அவளுக்கு அந்த ஒருவர் நான்.

ரைலி பண்ணையில் பிறந்தவள். எட்டு வயதில் அப்பாவின் டிராக்டர் பேட்டரியைத் திறந்து பாவாடையை அமிலத்தில் பொத்தலாக்கி, பெல்ட்டால் அடி வாங்கியவள். அழாமல், "அதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வெளியிலேருந்து எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டவள். கடைசிவரை அவளுடைய கேள்வி அதுதான்.

மருத்துவமனையில் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் பேசினாள்.

"பச்சை எரிஞ்சுதுடா ஆர்வோ."

"இப்ப அதுவா முக்கியம்?"

"அது மட்டுந்தான் முக்கியம்."

படுத்தபடியே கண்டுபிடித்தாள். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, மாறாத ஒரு மின்னழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதைக் கொடுக்கும் சின்னச் சில்லுக்கு வோல்டேஜ் ரெஃபரன்ஸ் என்று பெயர். துணி அளக்கும் கோல் போல. இருப்பதிலேயே மிகக் குறைவாக மின்சாரம் குடிக்கும் சில்லை அலுவலகம் தேர்ந்தெடுத்திருந்தது, அப்போதுதான் பேட்டரி இரண்டு வருடம் வரும் என்று. ஆனால் அந்தச் சில்லு, பேட்டரி தாழும்போது தானும் கூடவே தாழ்ந்துவிடும். துணி சுருங்கும்போது கோலும் சுருங்கினால் அளவு எப்போதும் சரியாகத்தான் வரும். மிச்சம் குறைவு என்று தெரிந்தால் பொத்தான் மின்சாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துச் செய்தி அனுப்பும், நிறைய இருப்பதாக நம்பினால் ஒரே மூச்சில் அனுப்பப் பார்த்துத் தோற்றுவிடும்.

பனிப்பெட்டியில் வைத்துச் சோதித்திருந்தார்கள்தான். ஆனால் சோதனைச்சாலைக்காரர்களின் வழக்கப்படி, மேசைமேல் இருந்த மின்கருவியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். சில்லு குளிரில் நடுங்கியது, மின்சாரம் கதகதப்பான அறையிலிருந்து வந்தது. குளிரில் வலுவிழப்பது பேட்டரிதான், அதை யாரும் குளிரில் வைக்கவில்லை.

தாடைக் கம்பியோடு வேலைக்குப் போனாள். கலெர்வோதான் அலுவலகத்தின் தலைவர், அவரும் பொறியாளர்.

"நீ சொல்ற சில்லு ரெண்டு மடங்கு குடிக்கும், ரைலி. பதினாலு மாசந்தான் வரும். பேட்டரி மாத்த மறந்த பொண்ணு சாவா. அதுக்கு யார் பொறுப்பு?"

"பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி செவப்பு எரியும். அவ உஷாராயிடுவா. இப்ப இருக்கறது அவ கழுத்துலயே உக்காந்து பொய் சொல்லுது."

பாதி தீர்ந்த பேட்டரிகளோடு பழைய பொத்தான் ஒன்றையும் புதிய சில்லு வைத்த ஒன்றையும் வாசலில் கார் கூரைமேல் வைத்தாள். இரண்டு காப்பி குடித்து முடித்ததும் கலெர்வோவை வெளியே இழுத்துவந்து அழுத்தச் சொன்னாள். பழையது பச்சையாக எரிந்து ஊமையாக இருந்தது. புதியது சிவப்பாக எரிந்தது, அவர் சட்டைப்பையிலிருந்த போன் அலறியது.

"உன் மூஞ்சியப் பாத்த அன்னிக்கே நான் ஒத்துக்கிட்டிருக்கணும்."

"மூஞ்சியப் பாத்து ஒத்துக்காதய்யா. அளந்து பாத்து ஒத்துக்க."

அப்போதும் அவர் யோசிக்கிறேன் என்றுதான் சொன்னார். இரண்டு வருடம் என்று அட்டைப்பெட்டிகள் அச்சாகி வந்திருந்தன. புதிய பொத்தானை, அதே பாதி பேட்டரியோடு, அவள் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

எஸ்கோவின் தண்டனையை, முதல் குற்றம் என்று, நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நெருங்கக்கூடாது என்று தடை மட்டும் போட்டது. சனிக்கிழமை மதியம் சவுனா என்ற நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு விறகெடுக்க அவள் வீட்டு விறகுக் கொட்டகைக்கு வருவாள் என்பது, பதினோரு வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கத்தியோடு கொட்டகைக்குள் காத்திருந்தான்.

என் போன் அலறியது. என் கார் மின்கம்பியில் மாட்டியே இருந்ததால் முதல் திருகலில் கிளம்பியது. போலீசுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

கொட்டகை வாசலில் பனி குழம்பிச் சிவந்து கிடந்தது. எஸ்கோ குப்புற விழுந்து, "என் முட்டிய ஒடச்சிட்டாடா, பைத்தியக்காரி" என்று ஊளையிட்டான். அவன் அருகில் ரத்தம் ஒட்டிய பிர்ச் மர விறகுக் கட்டை. ரைலி விறகு அடுக்கில் சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். விரல்களுக்கிடையிலிருந்து ஆவி பறந்தது.

நான் அந்தக் கட்டையை எடுத்தேன். அவன் தலைக்கு மேல் ஓங்கினேன்.

"கட்டையக் கீழ போடு" என்றாள். "வந்து இங்க அழுத்து."

அழுத்தினேன். கை சுட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா. உடனே கேட்டுச்சு."

"வெளக்கு?"

அவள் மார்பில் பார்த்தேன். "செவப்பு."

"உண்மையத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.

இரண்டு நாள் அறுவை அறையிலும் வெளியிலுமாகக் கிடந்தாள். திங்கட்கிழமை காலை போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பின், சர்ச் கூடத்தில் காப்பி கொடுக்கும்போது கலெர்வோ என் பக்கத்தில் வந்து நின்றார். தட்டில் வாங்கிய கேக்கைத் தொடவில்லை.

"பழைய பெட்டி எல்லாத்தையும் கொளுத்திட்டேன். அவ சொன்ன சில்லுதான் இனிமே. பெட்டியில பதினாலு மாசம்னு போடச் சொல்லியிருக்கேன்."

"எந்தக் குளிர்ல பதினாலு மாசம்? அவ கேட்டிருப்பா."

அவர் கேக் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"சரி" என்றார். "இந்தத் தடவை பேட்டரியையும் வெளிய வச்சு அளந்துட்டு அப்புறம் அச்சடிக்கறேன்."