கவுஞ்சிப் பூண்டு ஷெட்டும் இருபத்து மூன்றாவது பெயரும்

மூன்று வாரம் தாமதமாக எழுதுகிறேன். ஊர் திரும்பியதும் மகளுக்குச் சளி, அவள் தேறியதும் எனக்கு. கொடைக்கானலுக்கு மேலே கவுஞ்சி வரை போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இப்போதாவது உட்கார்ந்தேன்.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கவுஞ்சிப் பூண்டு விவசாயிகள் குழுவுக்கு விதைப்பூண்டு வாங்குபவர்களைப் பதிவு செய்யும் கணினி நிரல். ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது முதல் நாளே நின்றுவிட்டது. பக்கத்து ஊரான போளூருக்கு இதே போன்ற நிரலை எழுதிக் கொடுத்தவள் என் கல்லூரித் தோழி கவிதா. அவளுடையது ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

திண்டுக்கல்லில் காலை 5.20 பேருந்து, கட்டணம் 110 ரூபாய். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இரண்டரை வயது மகளின் வாயருகே பையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவள் தூங்கிவிட்டாள், எனக்குத்தான் குமட்டியது. 8.50க்குக் கொடைக்கானல். அங்கிருந்து வாடகைக் கார், போய்வர 2,600 ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரண்டு மணி நேரம்.

ஓட்டுநர் அண்ணன் பூம்பாறை வரை கவிதாவைப் பற்றியே பேசினார். பைக்கில் தனியாக வந்தாளாம், நான்கு நாள் போளூரிலேயே தங்கினாளாம், காட்டுக்குள் (வயலை இங்கே காடு என்பார்கள்) இறங்கிப் பூண்டுகூட நட்டாளாம். என்னால் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடிவதில்லை. மகளின் குல்லாவைச் சரிசெய்வது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள். நீங்களாவது நிறுத்திப் பாருங்கள்.

11.05க்குக் கவுஞ்சி. குழு விதை கொடுக்கும் ஷெட்டில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். நடவு வாரம், அன்று விதை வாங்கினால்தான் பருவத்தில் ஊன்ற முடியும். குழுவின் செயலாளர் செல்வி அக்கா சுற்றி வளைக்கவில்லை. "போளூர்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்கு. ஒங்களது எருமையாட்டம் ஒரே எடத்துல படுத்துக்கிருதுங்க. இன்னைக்கு ஓடலைன்னா அந்தப் புள்ளையவே கூப்பிட்டுக்கிறோம்."

நிரல் ஒவ்வொரு முறையும் இருபத்து மூன்றாவது பெயரில் நின்றது. பெயர் குழந்தைவேலு, தகப்பன் பெயர் ராமசாமி. பூம்பாறைச் சாமியின் பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைக்கிற பக்கம் இது. அதே பெயரும் அதே தகப்பன் பெயருமாக ஒன்பதாவது வரியில் இன்னொருவர் இருந்தார். ஒரே ஆள் இரண்டு முறை வாங்கக் கூடாது என்று நான்தான் தரவுத்தளத்தில் தடை வைத்திருந்தேன். தரவுத்தளம் ஒழுங்காகப் பிழை சொன்னது. பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதாமல், சோம்பலில் எல்லா இடத்திலும் 'அன்ராப்' போட்டிருந்தேன். பிழை வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடு என்று பொருள்.

ஊரில் இவர்களை எப்படிப் பிரித்து அழைப்பீர்கள் என்று கேட்டேன். காட்டுப் பெயரை வைத்துத்தான் என்றார்கள்: ஓடைக்காட்டுக் குழந்தைவேலு, பாறைக்காட்டுக் குழந்தைவேலு. காட்டுப் பெயரையும் சேர்த்துத்தான் ஒரே ஆளா என்று பார்க்கும்படி மாற்றினேன். பிழை வந்தால் அதைத் திரையில் காட்டிவிட்டு, அந்த வரியைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த பெயருக்குப் போகும்படி எழுதினேன். எழுதியது ஓடும் நிரலாகக் கம்பைல் ஆக ஆறு நிமிடம். மகள் செல்வி அக்காவின் இடுப்பில் ஏறியிருந்தாள். 12.40க்கு நிரல் இருபத்து மூன்றைத் தாண்டியது.

அப்போதுதான் போளூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தார். "எம்பேரும் குழந்தைவேலுதான், ஒங்க லிஸ்ட்டுலயாச்சும் கெடக்காங்க? எங்கூர்ல நேத்தே குடுத்து முடிச்சுட்டாக. இன்னொரு குழந்தைவேலு வாங்கிட்டான். ஒனக்கும் சேத்துத்தான்டான்னு சிரிக்கான்."

கவிதா மாதிரிக்கு அனுப்பிய நிரல் என் லேப்டாப்பில் இருந்தது. திறந்தேன். அதே தடை அதிலும் இருந்தது, ஆனால் அவள் அன்ராப் போடவில்லை. தரவுத்தளம் திருப்பித் தரும் பதிலைப் பார்க்காமலே தூக்கிப் போட்டிருந்தாள். அதனால்தான் அவளுடையது நிற்கவே இல்லை. பெயர் பதிவாகவில்லை என்பது யாருக்கும் தெரியவும் இல்லை.

மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. முதலில் அவளைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஷெட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். செல்வி அக்கா கவுஞ்சிப் பங்கிலிருந்து ஒரு மூட்டை விதையைப் போளூர்க்காரருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் கேட்டார்: "அப்ப போளூரையும் நீங்களே பாத்துக்கிருங்களேம்மா?"

கவிதாவே சரிசெய்துவிடுவாள் என்று சொன்னேன். அதைச் சொல்ல, கையிலிருந்த டீ முழுவதையும் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. திரும்பும் வழியில் மன்னவனூர் வந்துதான் அவளைப் போனில் கூப்பிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பேரு விட்டுப்போச்சு?" எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே பைக்கில் போளூருக்குக் கிளம்பிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கொடைக்கானலிலேயே கட்டிக்கொள்ளுங்கள். அன்ராப் போடுகிறவர்களும் பதிலைத் தூக்கிப் போடுகிறவர்களும் ஒரு தடவை ஒரே பெயரை இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள். கவுஞ்சியில் சிக்னல் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஷெட் வாசலிலேயே இரண்டு கோடு இருந்தது. கவிதாவிடம் மட்டும், மன்னவனூர் வந்த பிறகுதான் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறேன்.