ஹில்டா பாடிய ஒரே தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, தெருவும் இருக்கிறது. யாசீன் ஒன்றும் பொய்யே பேசாத உத்தமன் இல்லை. இந்த விஷயத்திலேயே இரண்டு பொய் சொல்லியிருக்கிறான். இரண்டையும் அவனே ஒப்புக்கொள்கிறான். தன்னைக் கேவலமாகக் காட்டிக்கொள்வதற்காக யாராவது கதை கட்டுவார்களா?

2005. மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான் யாசீன். வயது முப்பத்து மூன்று. கடையில் இருக்கும்வரை மதர்போர்டு, மற்ற நேரமெல்லாம் பழைய பாட்டு. சினிமாப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அறுபதுகளில் மெட்ராஸில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பையன்கள் பாப் குழு நடத்தினார்கள். சர்ச் ஹாலிலும் கல்யாண வீட்டிலும் வாசித்தார்கள். சில குழுக்கள் ஒன்றிரண்டு ரெக்கார்டு போட்டன. முந்நூறு விற்றிருந்தால் அதிகம். அவற்றைத் தேடி அலைகிற நாற்பத்தேழு பைத்தியங்கள் 'மெட்ராஸ் பீட்' என்று ஒரு யாஹூ குரூப்பில் இருந்தார்கள். ஒரு பாட்டில் இரண்டாவது கிட்டார் வாசித்தது அண்ணனா தம்பியா என்று பதினோரு நாள் சண்டை போடுவார்கள். மறுபதிப்பாக ஒரு சி.டி. வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அட்டைப் படம் தப்பு, வேகம் தப்பு, இரைச்சலை எடுக்கிறேன் என்று சிம்பல் சத்தத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டார்கள் என்று ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதில் யாசீன்தான் பெரிய வாய்.

அந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனி மெட்ராஸ் குழுக்களின் பாட்டுகளை சி.டி.யாகப் போட முன்வந்தது. பதிமூன்று பாட்டு தயார். பதினான்காவது இடத்தை யாசீன் பிடிவாதமாகக் காலியாக வைத்திருந்தான். அது 'ரெட் சிக்னல்ஸ்' என்ற குழுவுக்கு. தாம்பரம் ரயில்வே பையன்கள். 1966-இல் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அது வெளியே வரவில்லை. பாடியது ஹில்டா என்ற பதினெட்டு வயதுப் பெண்.

ஹில்டா இறந்து பல வருஷமாகிவிட்டது. அவளுடைய அண்ணன் லாசரஸ், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அந்தக் குழுவில் பாங்கோ தட்டியவர். தலையணை உறைக்குள் சுற்றி, பெட்டியின் அடியில் அந்தப் பாட்டின் ரெக்கார்டுத் தட்டை வைத்திருந்தார். அதைப் போட்டுக் கேட்க அவரிடம் பிளேயர் இல்லை. வலது காது அடைத்துப்போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரு கைய விரிச்சுட்டான் தம்பி. பொங்கல் வரைக்கும் தாங்குனா ஜாஸ்தியாம். அதுக்குள்ள ஒரு வாட்டி அவ குரல கேட்டுடணும். அப்பால காது இருந்தா இன்னா, போனா இன்னா?"

யாசீன் அவர் இடது காதுப் பக்கம் போய்க் கத்தினான். "நான் கேக்க வெக்கிறேன் சார்! சத்தியமா!"

தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

இனி அவன் செய்த காரியம். ரெக்கார்டு சேர்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அழுக்குத் தட்டில் ஊசியை வைக்கக் கூடாது. முதலில் துடைக்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். துடைக்க ஸ்பிரிட். ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் தடவுவாரே, மருந்துக் கடையில் கிடைக்குமே, அதே ஸ்பிரிட். கடையில் விற்ற சாதாரண ரெக்கார்டுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் இது ஃபேக்டரியில் அச்சடித்த தட்டு இல்லை. அலுமினியத்தின் மேல் லாக்கர் என்ற கருப்பு மெருகைப் பூசி, பாடும்போதே மெஷின் ஊசியால் அதில் நேராகக் கோடு வெட்டியது. லாக்கரில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். இது யாசீனுக்குத் தெரியாதா? தெரியும். குரூப்பில் நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். அன்றைக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மூன்றே சுற்று துடைத்தான். பஞ்சு கருப்பாகியது. தட்டு பால் படிந்தமாதிரி வெளுத்தது. ஊசியை வைத்தான்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

அவ்வளவுதான். ஹில்டாவின் குரலை ஒரு தடவைகூடக் கேட்காமல் அழித்துவிட்டான்.

"தட்டு ஜெர்மனிக்குப் போயிருக்கு சார்!" என்று லாசரஸிடம் கத்தினான். இது முதல் பொய். குரூப்பில் உண்மையைச் சொல்லாமல், 'ரெட் சிக்னல்ஸ் இன்னொரு பிரதி யாரிடமாவது உண்டா? அவசரம்' என்று மட்டும் எழுதினான். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. லாசரஸிடம் சொல்ல வேண்டியதை ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்ப்பான். பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்வான்.

மனைவி ஃபாயிசா பொறுக்க மாட்டாமல் சொன்னாள். "போய் உண்மைய சொல்லிடுங்க. அடிச்சா வாங்கிக்கங்க."

"அடிச்சா பரவால்ல ஃபாயிசா. அழுதுட்டார்னா?"

நவம்பர் 30, புதன், காலை 6.04. குரூப்பில் ஒரு பதில் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்.ஆர். என்று இரண்டு எழுத்து.

'தட்டு இருக்கிறது. நாளை மாலை 3 மணி, பள்ளிக்கரணை. செருப்பு வெளியே. பேசக் கூடாது.' கீழே தெருப் பெயர்.

யாரோ கறாரான கிழவர் என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் 1, வியாழன். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மேடவாக்கம் கூட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பைக்கைத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் போனான். பள்ளிக்கரணை டீக்கடையில் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி எரிந்தது. "ரெண்டு மணிக்கே கரண்ட் போச்சு சார், ஏரியா ஃபுல்லா," என்றார் கடைக்காரர். தெருப் பெயரைக் கேட்டதும், "அந்தாண்ட வூடு ஏது? தண்ணிதான் கீது," என்று சதுப்பு நிலத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

வீடு இருந்தது. தெருவின் கடைசியில், நாணலை ஒட்டி. 2.58. செருப்பை வாசலில் விட்டான். கதவு திறந்திருந்தது. உள்ளே காலை வைத்தான்...

மழைச் சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. சுவர் முழுக்கக் கோணி அடித்திருந்தார்கள். எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் இருட்டு. தடுப்புக்கு மேலே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் இல்லாத ஏரியாவில் இது எப்படி எரிகிறது?

வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையில் ஒருவர் முதுகு காட்டி நின்றிருந்தார். அவர் முன்னால் ஒரு பெரிய இரும்பு மெஷின். அதில் கருப்புத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கோ," என்றார். திரும்பவில்லை.

யாசீன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பாட்டைப் பிடிக்கக் கொண்டுவந்திருந்த சின்ன ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுத்துப் பட்டனை அமுக்கினான். 3.07.

"ஆரம்பிக்கலாம்."

பாங்கோ. கிட்டார். பிறகு அவள் குரல்... யாசீனுக்குப் புல்லரித்தது. இதற்காகத்தானே செத்துக்கொண்டிருந்தான்! கொஞ்சம் அலட்சியமும் கொஞ்சம் சிரிப்புமான குரல். சொல்லை முடிக்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு. இரண்டு நிமிஷம் நாற்பத்தோரு வினாடி அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பாட்டு முடியும்போதுதான் உறைத்தது. கீறல் சத்தம் இல்லை. ஒரு 'டிக்'கூட இல்லை. நாற்பது வருஷத் தட்டு எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கும்?

கண்ணைத் திறந்தான். தட்டைப் பார்த்தான்.

ஊசி முனையில் கருப்பு நூல் ஒன்று சுருண்டு சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. முடிமாதிரி.

பாட்டைப் போட்டுக் கேட்கும்போது அந்த நூல் வராது. லாக்கரை ஊசி வெட்டும்போதுதான் வரும்.

அந்த மெஷின் பாட்டைப் போட்டுக் காட்டவில்லை. பதிவு செய்துகொண்டிருந்தது.

இப்போதுதான்...

கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் மூச்சு வாங்கினாள். சிரித்தாள்.

"லாசர்... என் குரல் நல்லா இருந்துச்சா?"

அதைக் கேட்டதும் யாசீன் உடைந்துபோனான். பயம் இருந்தது. அதைவிட அழுகை பெரிதாக இருந்தது. மூன்று வாரம் கண்ணாடி முன்னால் வராத வார்த்தை, இங்கே தானாகக் கொட்டிவிட்டது.

"லாசரஸ் சார்... மன்னிச்சிடுங்க... ஸ்பிரிட் பட்டுடுச்சு சார்... உங்க தங்கச்சி குரல் போயிடுச்சு... இனிமே வராது... வரவே வராது..."

தடுப்புக்கு அப்பால் நாற்காலி விழுந்தது.

மெஷின் முன்னால் நின்றவர் சட்டென்று திரும்பினார். யாசீன் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நேராகப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார்.

"யாரு?" என்றார். "யாரு பேசினா?"

சிவப்பு விளக்கு அணைந்தது.

ஓடினான்.

வெறுங்காலோடு டீக்கடை வாசலில் வந்து விழுந்தபோது செல்போனில் மணி 3.12.

மறுநாள் மதியம் வரை அந்த ரெக்கார்டரைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஃபாயிசாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போட்டான். பாட்டு முழுசாக இருந்தது. அவள் கேட்ட கேள்வி இருந்தது. பின்னால் அவனுடைய அழுகை, பத்தொன்பது வினாடி.

பேயோ பிசாசோ, பாட்டு கிடைத்துவிட்டதே! கம்ப்யூட்டரில் ஏற்றினான். பாட்டு முடிகிற இடத்தில் கச்சிதமாக வெட்டினான். கேள்வியும் அழுகையும் போயின. பாட்டை மட்டும் சி.டி.யில் எழுதினான். இது இரண்டாவது பொய்.

டிசம்பர் 4, ஞாயிறு, காலை 11.20. சர்ச் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார் லாசரஸ். சி.டி. பிளேயரின் ஹெட்போனை அவர் இடது காதில் வைத்து அழுத்தி, பட்டனைத் தட்டினான் யாசீன்.

அவர் விரல்கள் தொடையில் பாங்கோ தட்டத் தொடங்கின. கண்ணீர் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. யாசீன் கீழே தரையில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

பாட்டு முடிந்தது. லாசரஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை. காத்திருந்தார்.

"மீதி எங்க தம்பி?"

"அவ்ளோதான் சார்!"

"இல்லியே. நல்லா இருந்துச்சான்னு என்னாண்ட கேப்பா. அப்பால ஒரு ஆம்பள குரல் வருமே. அத ஏன் வெட்டிட்டாங்க?"

யாசீன் பிளேயரை நிறுத்தினான்.

"எந்த... எந்தத் தட்டுல சார்?"

"இன்னா எந்தத் தட்டு? ஒண்ணுதான்பா வெட்னாங்க. அந்தச் சதுப்பு ஓரத்து வூட்ல, ஸ்ரீநிவாசராகவன் சாரு. அன்னியோட அவரு மெஷினயே தொடல. அவரு செத்தே முப்பது வருசமாச்சு." லாசரஸ் ஹெட்போனை மடியில் வைத்தார். "பாட்டு முடிஞ்சுது. நாங்க எல்லாம் கண்ணாடிக்கு உள்ள நிக்கிறோம். வெளிய சாரு மட்டும். திடீர்னு ஒருத்தன் அழுவுறான். ஆளக் காணோம், குரல் மட்டும் வருது. என் பேரச் சொல்றான். லாசரஸ் சார்ன்றான். அப்ப நான் ரயில்வேல கலாசி, வெறும் எடுபிடி. இருபத்திரண்டு வயசு. என்னிய எவன் சார்னு கூப்புடுவான்?"

லாசரஸ் மடியிலிருந்த ஹெட்போனைப் புரட்டினார்.

"தட்ட மறுபடி போட்டுப் பாத்தோம். அதுலயும் கீது. ஸ்பிரிட் பட்டுடுச்சாம். ஸ்பிரிட்டுன்னா இன்னா, ஆவிதானே? உங்க தங்கச்சி குரல் போயிடுச்சு, இனிமே வரவே வராதுன்றான். ஹில்டா என் பக்கத்துல நின்னு கேட்டா. அப்படியே வெளிறிப் போயிட்டா. ஆவி வந்து என் குரல எடுத்துகினு போவப் போவுதுன்னு அன்னிக்கு வாய மூடுனவதான். குழு கலைஞ்சுது. சர்ச்லகூடப் பாடல. அஞ்சு வருசம் கழிச்சு சாவுற வரைக்கும் ஒரு வரி பாடல தம்பி."

அவர் யாசீனின் தோளில் கையை வைத்தார்.

"அவன் யாருன்னு தெரிஞ்சா போதும். எங்க பொண்ண ஏன்டா அப்படி பயமுறுத்தினேன்னு ஒரு வார்த்த கேக்கணும்."

பழகிய இந்த நாலு மாதமும் யாசீன் அந்த மனிதரிடம் கத்தித்தான் பேசியிருக்கிறான். அவனுடைய சாதாரணக் குரலை அவர் கேட்டதே இல்லை. மூன்றாவது பொய்யைச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. முட்டிபோட்டு எழுந்தான். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"லாசரஸ் சார்..."

அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க..."

லாசரஸின் முகம் மாறியது. அவன் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.