மலைமேல் நான் வைத்த கட்டம்

மீனாட்சி அக்கா காலமான செய்தி நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்ட கையோடு வெட்கமாகிவிட்டது.

திருவனந்தபுரத்தில், பழங்குடி மக்களையும் அவர்கள் மொழிகளையும் நிலப்படத்தில் குறிக்கும் பணியில் ஒன்றாக இருந்தோம். குடியிருப்பு குடியிருப்பாகப் போய்க் கேட்டு வருபவர் அக்கா. ஏசி அறையில் உட்கார்ந்து வரைபவன் நான். ஒருநாள் அக்கா, காணிக்காரப் பழங்குடியினர் வாழும் மலையிலிருந்து அட்டை கடித்த காலோடு நேரே என் மேஜைக்கு வந்தார். "எல்லாம் ஒரே காணி பாஷைன்னு போட்டுராதே தம்பி. இந்தக் குன்றுல ஒரு சொல்லு, அந்தக் குன்றுல வேற சொல்லு. ரெண்டும் வேணும், கேட்டியா" என்றார்.

அச்சுக்குக் கொடுக்கும் நாளில், எந்த நிறம் எந்த மொழி என்று சொல்லும் விளக்கக் கட்டத்துக்கு இடம் போதவில்லை. கிழக்கு ஓரத்தில் மலை பச்சையாகச் சும்மா கிடந்தது. அங்கே வைத்தேன். அக்கா குறித்துத் தந்த குடியிருப்புகள் அதனடியில் போயின. தெரிந்தேதான் செய்தேன். காடுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

படத்தைக் கொடுக்க இருவரும் மலைக்குப் போனோம். ஊர்த்தலைவர் ஆற்றின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். விரல் கட்டத்தில் முட்டி நின்றது.

"எங்க ஊரு எங்கே, சாரே?"

என்னைத்தான் கேட்டார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவறு தன்னுடையது என்று அக்கா சொன்னார்.

திரும்பும்போது ஜீப்பில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன். அவரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க? சாரமில்ல, பரவாயில்ல விடு."

படத்தில் அந்த ஊர்கள் இல்லாததை வைத்து, அக்கா மலையேறாமலே அறிக்கை எழுதினார் என்று பிறகு அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது. இந்தக் குழுவில் இருக்கும் உங்களில் சிலர் சொன்னீர்கள், பலர் நம்பினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்று இருந்தேன். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

துக்கம் கேட்க ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது, அக்கா வைத்திருந்த நிலப்படத்தை மகள் எடுத்துத் தந்தாள். கட்டத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி, அந்த மலையைப் பென்சிலால் வரைந்து, குடியிருப்புகளின் பெயர்களையும் அங்கங்கே வழங்கும் சொற்களையும் எழுதியிருந்தார். கீழே, வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது.

"அம்மா மலைக்குப் போறப்பல்லாம் இதைத்தான் கொண்டுபோவா" என்றாள்.

அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவரைப் பார்க்கப் போகிறேன். அதற்குமுன் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அக்கா மலையேறினார். கட்டத்தை வைத்தவன் நான்.