கொடியில் காய்ந்த ஜப்ளா

பால் கக்கிய புளிப்பும் வசம்பும் வெயிலும் கலந்த ஒரு வாடை தம்பியின் சட்டையில் எப்போதும் இருக்கும்; எத்தனை அலசினாலும் போகாது. சட்டை என்று சொன்னால் அம்மா திருத்துவாள், அது "ஜப்ளா". கையில்லாமல், பின்கழுத்தில் நாடா வைத்து முடிகிற மல் துணி உடுப்பு. கோடையில் கைக்குழந்தைக்கு அதைத் தவிர வேறெதுவும் போட மாட்டார்கள். இப்போது தென்காசியில் பெரிய துணிக்கடையில் ஏறி ஜப்ளா இருக்கிறதா என்று கேட்டால், விற்கிற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது எந்த பிராண்டு என்கிறாள்.

அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை. எனக்கு ஏழு வயதானபோது, வடகரையிலிருந்து தென்காசிக்கு வந்து ஒரு வளவில் குடியேறியிருந்தோம். ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் என்பதால் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட ரகசியமாக இருக்காது. அடுத்த வீட்டுச் சொர்ணம் அத்தை அம்மாவை அண்ணி முறை வைத்து "மைனி, மைனி" என்று சுற்றிச் சுற்றி வருவாள். அவளுக்குப் பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. அந்த வைகாசியில் மறுபடி நிறைமாதமாக இருந்தாள்.

பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது, நன்றாக வளர்கிற பிள்ளை உடுத்திய பழசைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் ஒரு பிள்ளைகூடத் தவறாத வீட்டிலிருந்து வர வேண்டும். தம்பி கொழுகொழுவென்று தவழ்ந்துகொண்டிருந்ததால் அத்தை எங்களிடம் வந்தது இயல்புதான்.

"மைனி, தம்பி போட்ட ஜப்ளா ஒண்ணு தாங்க. ஒங்க வீட்டு ராசியிலயாவது இது தங்கட்டும்" என்றாள்.

அம்மா நிமிர்ந்தே பார்க்காமல், "எல்லாம் நைஞ்சி கிழிஞ்சி போச்சி சொர்ணம்" என்றாள்.

முற்றத்துக் கொடியில் ஜப்ளாக்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அத்தை அவற்றைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"ஒரு பழந்துணி. குடுத்தா என்ன கொறஞ்சா போவ?" என்று அப்பா கேட்டார்.

அம்மா அழுதாள். "பிள்ளையப் பறிகொடுத்த வீட்டுத் துணிய எப்பிடிங்க குடுக்க? நம்ம மூத்தது போன கதை இங்கன எவளுக்கும் தெரியாதுல்லா."

"அதுக்குப் பொறவு நமக்கு ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

"நமக்கு இருக்கு. அவளுக்கு இல்லாமப் போச்சின்னா?"

"அப்பம் உள்ளதச் சொல்லிர வேண்டியதான."

"வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்கவகிட்ட சாவுச் சேதியா சொல்லச் சொல்லுதிய?"

மூத்தது நான்தான் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனியில் குற்றாலத்தில் சாரல் பிடித்து, எங்கள் வளவெல்லாம் நசநசவென்று இருந்த நாட்களில் அத்தைக்குக் குழந்தை பிறந்தது. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. தீட்டுக் கழிந்து வெளியே வந்தவள், குழாயடியில் எல்லாரும் நிற்கும்போது அம்மாவிடம், "ஒரு முழத் துணி குடுக்க ஒங்களுக்கு மனசு வரலயே மைனி. ஒங்க பிள்ளையளாவது நல்லா இருக்கட்டும்" என்றாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இப்போதாவது சொல்லேன் என்று அப்பா கெஞ்சியதற்கு, "இப்பம் போயிச் சொன்னா சாக்குச் சொல்லுத மாரி இருக்கும்" என்றாள். அத்தை குடும்பம் வீரகேரளம்புதூருக்குப் போகும்வரை வளவில் அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடுக்காதவள் என்ற பெயரை அவள் கடைசிவரை சுமந்தாள். நல்லவர்களுக்கு இப்படியொரு வீம்பு ஏன் என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்பா போய்ச் சில வருடங்கள் கழித்து, போன ஐப்பசியில் அம்மாவும் போய்விட்டாள். துஷ்டி கேட்க, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சொர்ணம் அத்தை வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்து தங்கியிருக்கிறான். எல்லாரும் எழுந்து போனபிறகு, அம்மா சொல்லாததை நான் அவளிடம் சொன்னேன்.

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பயலா, பொம்பளப் பிள்ளையா? என்ன பேரு விட்டிருந்தாவ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அம்மாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. இனிமேல் கேட்பதற்கும் யாரும் இல்லை.