ஆளில்லாத ஆற்றில் சாயம்

ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிற உத்தியோகம் என்றுதான் என் மகளின் வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். அலாஸ்காவில், வட துருவ வட்டத்துக்குள் ஓடும் ஓர் ஆற்றில், நாலைந்து பேரோடு கூடாரம் போட்டு மீனையும் பூச்சியையும் ஆராய்கிறாள். வீடியோ போனில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் கையால் மொண்டு குடித்துவிட்டு, "கொதிக்கவே வைக்க வேண்டாமுங்கம்மா" என்று பெருமையடிப்பதுதான். நொய்யல் கரையில் பிறந்த எனக்கு வயிறு எரியாதா? நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபோது பிறந்த வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் சாயப்பட்டறைக் கழிவால் நாளுக்கொரு நிறத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அந்த ஆறு சரளை மேடுகளுக்கு நடுவே, சடையைப் பிரித்துவிட்ட மாதிரி பல கிளையாக ஓடும். கரையில் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத மரங்கள், ஈர மண்ணில் கரடித் தடம். கோடையில் பொழுதே சாயாது. அவ்வளவு வெளிச்சத்தில் அவர்களைத் தவிர ஒரு மனிதரும் நடமாடாததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும்.

போன ஆடியில் அவள் காட்டியபோது ஆறு ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறிவிட்டது.

"எந்தப் படுபாவி கண்ணு அங்க சாயப்பட்டறை போட்டிருக்கறான்? மேல போய்ப் பாரு!"

அவள் சிரித்தாள். "பட்டறையா? விமானத்துல போனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஊடு கிடையாதுங்கம்மா."

காலங்காலமாக உறைந்து கிடந்த மண் இப்போது இளகுகிறதாம். உள்ளே கிடந்த இரும்பும் அமிலமும் கசிந்து ஆற்றில் இறங்குகிறதாம். இரும்புதான் ஆரஞ்சாகத் தெரியுமாம், அமிலம் கண்ணுக்கே தெரியாதாம். யாரும் குழாயைத் திறந்துவிடவில்லை. எங்களுக்காவது வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்ற ஒரு பட்டறை இருந்தது. ஆளே இல்லாத இடத்தில் ஆறு தானாகச் சாயமாகிறது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. திட்டக்கூட ஆளில்லையே.

"அப்பக் குடிக்கறதுக்கு?"

"மேட்டுல ஒரு ஓடை இருக்குதுங்கம்மா. கண்ணாடியாட்டத் தண்ணி. எங்களைக் கூட்டிப்போக விமானம் வர்ற வரைக்கும் அதுதான்."

அடுத்த முறை பேசியபோது அந்த ஓடையைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அடிமணல் வரை தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. நல்ல தண்ணீரில் கல்லுக்கு அடியில் பூச்சிகள் ஒட்டியிருக்கும், அதைத் தின்றுதான் மீன் பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டே, எனக்குக் காட்ட ஒரு கல்லைப் புரட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொன்றைப் புரட்டினாள். அப்புறம் ஓடையோடு ஏறி வேகவேகமாகப் புரட்டிக்கொண்டே போனாள். எல்லாக் கல்லும் தேய்த்துக் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

"அதைக் குடிச்சுப்போடாதே கண்ணு" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"காலையில அதுலதாங்கம்மா எல்லாரும் காப்பி வெச்சுக் குடிச்சோம்."