சீட்டுல என்ன பேர் எழுதறது?

மெட்ராஸ்ல தமிழ் படிக்கிற மேற்கு ஜெர்மனிக்காரர் ஒருத்தர் இன்னைக்கு என் கடைக்கு வந்தார். கோபுரக் கரைப் புடவையை விரிச்சதும் "கோதிக்" என்றார்.

"அப்படின்னா?"

"எங்க பழைய சர்ச்செல்லாம் இப்படித்தான் கூரா இருக்கும். தடிமனான பழைய எழுத்துக்கும் அதே பேர். இங்கிலீஷ்ல பேய்க்கதைக்கும் அதே பேர்."

"யார் வெச்ச பேருங்க?"

"அந்த சர்ச்சுங்க பிடிக்காதவங்க. காட்டுமிராண்டி வேலைன்னு திட்டறதுக்கு, கோத்துன்னு ஒரு பழைய கூட்டத்தோட பேரை வெச்சாங்க. இப்ப அதுவே பெருமை."

பார்சல் சீட்டுல 'கோதிக்'னு எழுதச் சொன்னார்.

"திட்டின பேரை என் தறிப் புடவை மேல எழுத மாட்டேன் சார்."

'கோபுரக் கரை'ன்னு பெரிசா எழுதிக் கொடுத்தேன். "வேணும்னா உங்க சர்ச்சுக்கு இந்தப் பேரை எடுத்துக்கினு போங்க."

சிரிச்சிக்கினே வாங்கிக்கினு போனார்.

இந்த வாசகசாலைப் பலகையைப் படிக்கிறவங்க, நான் செஞ்சது அதிகப்பிரசங்கித்தனமான்னு கீழே எழுதுங்கப்பா. சீட்டுல எழுதற பேரை மட்டும் மாத்த மாட்டேன்.